பாதுகாப்புக்குக் கொடுத்த கடன்

திருடருக்கு அஞ்சிக் கடைக்குக் காவல் வைப்பது வர்த்தகருக்கு இயல்பு. ஆனால் சாவியையும் காவற்காரனிடமே கொடுத்து, இருப்புக் கணக்கையும் அவனே எழுதட்டும், யாரும் பார்க்க வேண்டாம் என்று நம்மில் எவரும் விடமாட்டோம். கடைக்கு ஒவ்வாத இந்த ஏற்பாடு நாட்டுக்கு மட்டும் ஒக்குமா?

1957 ஆகஸ்ட் 31இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 5ஆவது பிரிவு தெளிவானது. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடந்தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதே சட்டத்தின் 149ஆவது பிரிவோ, நாட்டைக் கவிழ்க்கும் முயற்சியைத் தடுக்கப் பார்லிமெண்ட் இயற்றும் சட்டம் 5ஆவது பிரிவுக்கு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. உரிமையும் அதற்கு விலக்கும் ஒரே ஏட்டில்தான் இருக்கின்றன.

விலக்கே கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களிலும் சாலைகளிலும் மக்கள் உயிரிழந்தார்கள். ஆபத்து மெய்யானதே. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. விசாரணையின்றி ஒருவரை இரண்டாண்டு அடைத்து வைக்கலாம். அதை மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம்.

ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகள் 1989 டிசம்பரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். சட்டமோ 2012 வரை நிலைத்தது. அதே 1989இல்தான், தடுப்பாணைகளை நீதிமன்றம் ஆராயும் அதிகாரம் நடைமுறைப் பிசகுகளோடு சுருக்கப்பட்டது. இதற்கிடையில் அச்சட்டம் யார் யார் மேல் பாய்ந்தது? 1987 அக்டோபரில் லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் கமுந்திங் முகாமுக்குப் போயினர். காட்டிலிருந்த போராளிக்காகச் செய்த சட்டம் மேடையில் பேசியவரையும் பிடித்தது.

2012இல் அதற்குப் பதிலாக வந்தது சொஸ்மா. இதன்படி மாஜிஸ்திரேட் உத்தரவின்றியே போலீஸார் ஒருவரை 28 நாள் வரை காவலில் வைக்கலாம். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்பட 12 பேர் கைதாயினர். 2020 பிப்ரவரியில் அட்டர்னி ஜெனரல் அவ்வழக்குகளைக் கைவிட்டார். வழக்கு போயிற்று, போன மாதங்கள் திரும்பி வருமா?

"வெடிகுண்டு மாஜிஸ்திரேட்டுக்காகக் காத்திருக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. விரைந்து கைது செய்யுங்கள் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் சந்தேகத்துக்குரியவர் அகப்பட்ட பிறகு அந்த அவசரம் தணிந்துவிடுகிறது. அதன்பின் ஒரு மாஜிஸ்திரேட் சான்றுகளைப் பார்ப்பதால் பாதுகாப்புக்கு என்ன குறை? உண்மைக் குற்றவாளி அதனால் தப்பிவிட மாட்டார், நிரபராதியே பிழைப்பார்.

ஆகவே, உரிமையைப் பாதுகாப்புக்காகக் கொடுப்பது கடன் கொடுப்பது போன்றது என்பதே நமது கருத்து. கடனுக்குத் தவணை வேண்டும், கணக்கு வேண்டும், கணக்கைப் பார்க்க மூன்றாவது ஆள் வேண்டும். சொஸ்மாவின் 28 நாள் காவல் விதிக்கு ஐந்தாண்டுத் தவணை உண்டு. 2017இல் அது நீட்டிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் நீட்டிப்புத் தீர்மானம் பார்லிமெண்டில் தோற்று, ஜூலையில் மறுபடி கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. அந்தத் தவணை முடிவது 2027 ஜூலையில்.

ஷா ஆலமிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தொழில் செய்யும் நாம், "இது அரசியல்வாதிகள் பாடு" என்று ஒதுங்கலாகாது. எத்தனை பேரைப் பிடித்தீர்கள், எத்தனை பேர்மேல் வழக்குத் தொடுத்தீர்கள், எத்தனை பேர்மேல் குற்றம் நிரூபணமாயிற்று என்று நம் தொகுதிப் பிரதிநிதியிடம் கேட்போம். கேட்பாரற்ற கடன் வாராக்கடனாகும் என்பதை வர்த்தகருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.