பளிங்காகத் தெரிந்தால் போதாது, தம்பி!

சொந்தமாக ரெசின் பிரிண்டர் கட்டத் துணிந்துவிட்டாய். தொட்டியின் அடியில் ஒளி புகுவதற்கு அக்ரிலிக் ஷீட் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் ஏன் கை நடுங்குகிறது? "இதெல்லாம் படித்தவர்கள் சொல்ல வேண்டியது" என்று உன்னை நீயே ஒதுக்கி வைக்காதே! 1983-ல் ரெசின் பிரிண்டிங்கின் முன்னோடி சக் ஹல் தன் முதல் பொருளை அச்சிட்டது, மேசைப் பூச்சை இறுக்கும் புற ஊதா விளக்குகளோடு இரவுகளில் மல்லுக்கட்டித்தான். வந்தது கண் கழுவும் சின்னக் கிண்ணம். அதிலிருந்துதான் இந்தத் தொழிலே பிறந்தது.

முதலில் உன் ஒளியின் அலைநீளத்தைத் தெரிந்துகொள். எல்சிடி பிரிண்டர்களில் பெரும்பாலும் 405 நானோமீட்டர். சில டிஎல்பி பிரிண்டர்களில் 385. நல்ல அக்ரிலிக், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 92 சதவீதத்தை விடும். மீதி 8 இரு பரப்பிலும் பட்டுத் திரும்புகிறது. மெல்லிய ஷீட் வாங்கினாலும் அது மிச்சமாகாது, அதற்காக வருந்தாதே. வருந்த வேண்டியது வேறு. வெயிலைத் தாங்கவும், பின்னால் உள்ள படம் வெளுக்காமல் காக்கவும் பல ஷீட்டுகளில் புற ஊதாவை விழுங்கும் பொருளைக் கலக்கிறார்கள். படச் சட்டத்துக்கென்று வரும் வகை 400 வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் தடுத்துவிடும். உன் 405 அந்த விளிம்பில் நிற்கிறது. 385-க்கு வாசலே கிடையாது. கண்ணுக்கோ கலந்த ஷீட்டும் கலக்காத ஷீட்டும் ஒன்றுதான்! 385 என்றால் புற ஊதாவைக் கடத்தும் வகை வேண்டுமென்று அழுத்திக் கேள். பாலிகார்பனேட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்: சுத்தியல் அடியைத் தாங்கும், ஆனால் 385-ஐப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

கடைக்காரர் சொல்லோடு நின்றுவிடாதே, சோதித்துப் பார்! உன் பிரிண்டரின் அதே அலைநீளத்தில் ஒரு டார்ச், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, இரண்டு துளி ரெசின். ஒரு துளிக்கு நேரடி ஒளி. மற்றதற்கு ஷீட்டின் வழியே, அதே உயரத்தில், அதே நேரம். பல்குத்தும் குச்சியால் தொடு. முதல் துளி குச்சியைத் தடுக்கும்போது இரண்டாவதும் தடுத்தால் ஷீட் தேறிவிட்டது. கூழாகவே ஒட்டி இழுத்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த ஷீட் உனக்கானதல்ல.

வார்ப்பு ஷீட்டாகவே வாங்கு, விரிசல் குறையும். ஆனாலும் லேசரில் வெட்டிய விளிம்பில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல் ஓடும். அதனால் சோப்புத் தண்ணீரால் துடை. நாளைக்கே கடைக்குக் கிளம்பு! முழு ஷீட்டுக்குப் பணம் கட்டும் முன் ஒரு வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கிச் சோதி.