கையெழுத்தா, கைவிலங்கா?

வில்லாபுரத்துத் தெருவொன்றில் ஒரு மாலைநேரம். என்னிடம் படித்துத் தேறிய இளைஞன் ஓடிவந்து ஒரு தாளை நீட்டினான். வேலை நியமனக் கடிதம்! அவன் முகத்திலே பூரிப்பு. உடன்வந்த தாயின் கண்ணிலே ஈரம். மகிழ்ச்சியோடு படித்து வந்தேன். ஓரிடத்தில் விரல் நின்றது. நிர்வாகம் விரும்பும்போதெல்லாம் அவனைத் தன் துணை நிறுவனம், இணை நிறுவனம் எதற்கும் மாற்றலாம் என்றது ஒரு நிபந்தனை.

"அதனாலென்ன, ஐயா? எல்லாம் ஒரே முதலாளிதானே!" என்றான்.

ஒரே முதலாளிதானா? எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி ஆள். 1896-இல் சாலமன் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை நிலைநாட்டிய கொள்கை அது. துணை நிறுவனம் நொடித்துப்போய், கடன் கொடுத்தவன் தாய் நிறுவனத்தின் வாசலுக்கு வந்தால், "அது வேறு, நாங்கள் வேறு" என்று கதவடைக்கிறார்கள். தொழிலாளியை இடம்பெயர்க்கும்போதோ, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்கிறார்கள். கடனுக்கு வேறு, உழைப்புக்கு ஒன்றா? ஒரே நாவில் இரண்டு நீதியா?

அரசுப் பள்ளி ஆசிரியர் மேலூரிலிருந்து உசிலம்பட்டிக்கு மாற்றப்படுகிறார். ஊர் மாறுகிறது, அரசு மாறவில்லை. இதுவோ, ஊர் மாறாமலே எசமானன் மாறும் விந்தை! பழைய பணிக்காலம் புதிய இடத்தில் கணக்கில் வருமா? பணிக்கொடை என்னவாகும்? கேட்டால், "புதிய நிறுவனத்தைக் கேள்" என்ற பதில் வரலாம்.

நீதிமன்றங்கள் இதை உணராமலில்லை. 1940-இல் நோக்ஸ் வழக்கில், நிலக்கரிக் கம்பெனிகள் இணைந்தாலும், தொழிலாளியின் சம்மதமின்றி அவருடைய வேலை ஒப்பந்தம் புதிய கம்பெனியிடம் போய்ச் சேராது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. யாரிடம் உழைப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமைதான் ஊழியனையும் அடிமையையும் வேறுபடுத்துவது என்று நீதிபதி அட்கின் பிரபு விளக்கினார். உத்தரப்பிரதேசத்து அம்ரோகாவில் குந்தன் சர்க்கரை ஆலைத் தொழிலாளர் சிலரை, அதே உரிமையாளர்கள் பின்னர்த் தொடங்கிய புலந்த்சகர் ஆலைக்கு மாற்றினார்கள். மறுத்தவர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். அப்படி மாற்றும் உரிமை ஒப்பந்தத்தில் இயல்பாக உறைந்திருப்பதன்று என்று 1960-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 1989-இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக வழக்கிலும், ஊழியரின் சம்மதமின்றி வேறொரு முதலாளியிடம் அவரை ஒப்படைக்க முடியாது என்று மீண்டும் உரைத்தது.

தீர்ப்புகள் எல்லாம் சம்மதத்தையே காவலாக நிறுத்தின. முதலாளிகள் என்ன செய்தார்கள்? அந்தச் சம்மதத்தை முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டார்கள்! இனி வழக்காடினால், "நீர் ஒப்பிய நிபந்தனைதானே?" என்று அந்தத் தாளையே நீட்டுவார்கள்.

வயிறு காயும் வேளையில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழரிடையே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இந்தக் கூலியின் கடனைக் கட்டுபவரிடம் அவரை அனுப்புகிறோம் என்பதே அதன் பொருள். கடன் கைமாறியது, கடனோடு மனிதரும் கைமாறினார். 1921-இல் அம்முறை ஒழிந்தது. அந்தத் தொழிலாளியைச் சங்கிலியா இழுத்துச் சென்றது? இல்லை, கடன்! இந்த இளைஞனைச் சங்கிலியா இழுக்கிறது? இல்லை, வறுமை!

பிறப்பைக் காட்டி மனிதனுக்குத் தொழிலை விதித்தது மனுநீதி. கையெழுத்தைக் காட்டி மனிதனுக்கு எசமானனை விதிப்பது இந்தப் புதுநீதி. முன்னதை மறுத்த பகுத்தறிவு பின்னதைக் கண்டு வாய்மூடலாமா?

மாற்றமே கூடாது என்பதன்று நம் வாதம். ஆலை கைமாறும்போது பணிக்காலம் குறையாமல் தொழிலாளியும் தொடர்வது அவருக்குப் பாதுகாப்பே. நாம் கேட்பது மூன்று: மாற்றும் வேளையில் சம்மதம் கேட்கவேண்டும், பழைய பணிக்காலம் உடன்வர வேண்டும், மறுத்தால் வேலை பறிபோகக் கூடாது.

அந்தத் தம்பி கையெழுத்திட்டான். நான் தடுக்கவில்லை. அவன் வீட்டு அடுப்பு எரியவேண்டுமே! தனியொருவன் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும். ஆயிரவர் சேர்ந்து அடித்தால் அந்த வரிதான் போகும். ஆகவே தாளை மடித்துக் கொடுத்தபோது அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "வேலையில் சேர், தம்பி. சேர்ந்ததும் சங்கத்திலும் சேர்."