மேடையும் ஒரு வகுப்பறை
கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி நாடகங்களில் நடித்து வளர்ந்தவர் கிருஷன் ஜித். 1939இல் இதே நகரில் பிறந்தவர். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளரானார். மேடையை மட்டும் விடவில்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் நாடகங்களை இயக்கினார். 1984இல் நண்பர்களுடன் சேர்ந்து ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்குழுவைத் தொடங்கினார்.

பள்ளி நாடகம் எல்லாரையும் இயக்குநர் ஆக்கிவிடாது. ஆனால், அடுத்தவர் வசனம் முடியும்வரை காத்திருக்கவும், தன்னைப்போல் இல்லாத ஒருவராக நின்று யோசிக்கவும் பழக்கும். திரைக்குப் பின்னால் விளக்கைக் கவனிக்கும் பிள்ளைக்கும் அந்தப் பாடம் உண்டு.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்கள் பிள்ளை ஒத்திகைக்குப் போக அனுமதி கேட்டால், "எஸ்.பி.எம். தேர்வு முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். அதுவும் படிப்புதான்.