நெல்லுக்குப் பதில் நீவாரம்

வேள்விக்கு நெல் கிடைக்கவில்லை. என்ன செய்வது? வேத வேள்வி விதிகளை ஆராயும் ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் இதை அலசுகிறது. நெல் இல்லையேல் அதையொத்த நீவாரம் என்ற காட்டு நெல்லை இடலாம். சோமச் செடி கிடைக்காவிட்டால் பூதீகம் என்ற செடி. ஆனால் தேவதை, அக்னி, மந்திரம், கிரியை ஆகியவற்றுக்கு மாற்றே கிடையாது. வேள்வி செய்விக்கும் எஜமானனுக்கும் ஆள் மாற்ற முடியாது.

வியாபார உலகிலும் இந்தப் பேச்சு உண்டு. வணிக உத்தி பற்றி 1979-ல் மைக்கேல் போர்ட்டர் எழுதிய கட்டுரை, ஒரு தொழிலை நெருக்கும் ஐந்து சக்திகளில் மாற்றுப் பொருளையும் சேர்த்தது. எதற்கு எது ஈடாகும் என்ற கேள்வி ஏறக்குறைய அதேதான்.

வித்தியாசம் ஒன்று உண்டு. மீமாம்சகர் ஒற்றுமையைத் தேடினார். வியாபாரியைக் கவிழ்ப்பதோ பெரும்பாலும் துளியும் ஒத்திராத சரக்கு. கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-ல் செய்த டிஜிட்டல் கேமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. ஃபிலிமுக்கு இது எங்கே ஈடு! ஆனாலும் ஃபிலிம் விற்ற கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது.

மாற்றுப் பொருள் கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் போதும்; மோட்டார் சுழன்று, குச்சிகள் முரசைக் கொட்ட, மணி கணகணக்கும். சம்பளம் வேண்டாம், விடுப்பு கேட்காது. (கரண்ட் போனால் ஊமை.) சத்தம் எழுப்புவது மட்டுமே வேலை என்றால் தவில்காரர் தோற்றுவிட்டார். வாசிப்பே வழிபாடு என்றால் அதுவும் கிரியைதான், மாற்றில்லாத பட்டியலில் சேர வேண்டியது என்று வாதிடலாம். மெஷின் வாங்கிய நிர்வாகங்கள் அந்த வாதத்தைக் கேட்கவில்லை. செலவுக் கணக்கை மட்டும் பார்த்தன.