பிள்ளையின் வலிப்பை மறைக்கலாமா?



குழந்தைகளின் வலிப்பு நோயைப் பார்க்கிற நரம்பியல் வைத்தியர் ஒருவர் உருவாக எத்தனை வருஷம் செல்லும் தெரியுமா? வைத்தியக் கல்லூரியில் ஐந்தரை வருஷம், குழந்தை வைத்தியத்தில் 3 வருஷம், நரம்பியலில் மேலும் 3 வருஷம், ஆக ஏறத்தாழ 12 வருஷம். இவ்வளவு படித்த பின்பும் அவர் செய்கிற முதல் வேலை யாது? எழுத்து வாசனை அறியாத ஒரு தாயைப் பார்த்து, "என்னம்மா நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்பதே.

காரணம் இது. வலிப்பு வைத்தியர் கண்முன்னே வருவது அரிது. கம்மாய்க்கரையில் வரும், பருத்திக் காட்டில் வரும், நடுச்சாமத்தில் பாயில் வரும். பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ போய்ச் சேருமுன் பிள்ளை எழுந்து விளையாடிக்கொண்டிருக்கும். மூளையின் மின்னோட்டத்தை வரைகிற இ.இ.ஜி. கருவியும், வலிப்பில்லாத வேளையில் பலமுறை குறையொன்றும் காட்டாது. ஆகையால் கண்டவர் சொல்லும் சாட்சியே வைத்தியருக்குக் கண். எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிஷம் நீடித்தது, காய்ச்சல் இருந்ததா என்பவற்றைக் கொண்டே அவர் மருந்தைத் தீர்மானிக்கிறார்.

அர்ச். மாற்கு சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தரையில் விழுந்து நுரை தள்ளுகிற மகனைத் தகப்பன் கொண்டுவந்தபோது, சேசுநாதர் சுவாமியும், எவ்வளவு காலமாய் இப்படி என்று விசாரித்தார். தகப்பனோ கூட்டத்துக்கு வெட்கப்படாமல், சிறு வயது முதல் என்றும், நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்ததுண்டு என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

அங்கே பசாசின் வேலை என்றல்லவா சொல்லியிருக்கிறது என்பீர்கள். மெய்தான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையின் வலிப்பைப் பேய் என்று தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை. வியாதியா அல்லவா என்று முதலில் தீர விசாரிக்க வேண்டுமென்பதே திருச்சபையின் போதனை.

நாம் செய்வதென்ன? ஐந்து முறை வந்ததை, "ஒரே தடவைதான் ஐயா, அதுவும் காய்ச்சலில்" என்று சொல்லிவிடுகிறோம். பெண்பிள்ளையானால், "நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாமா?" என்று பெரியவர்களே வாயை அடைக்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலில் மாத்திரம் வருகிற வலிப்புக்குப் பெரும்பாலும் தினசரி மாத்திரை வேண்டியதில்லை. அதுவே என்று நம்பி வைத்தியர் அனுப்பிவிடுவார். பிள்ளை அடுப்படியிலும் கிணற்றடியிலும் காவலின்றித் திரியும். பாசத்தால் மறைத்தோம் என்கிறோம்; கஷ்டப்படுவதோ பிள்ளை.

அப்படியானால் ஊரெல்லாம் பறைசாற்ற வேண்டுமா? வேண்டாம். பிறர் குறையைக் காரணமின்றி வெளியிடுவதையும் எட்டாம் கற்பனை விலக்குகிறது. ஆனால் அறிய உரிமையுள்ளவர் மூவர் உண்டு: வைத்தியர், பள்ளி வாத்தியார், பிள்ளை வளர்ந்தபின் அதன் கைப்பிடிக்கப் போகிறவர். இவர்களிடம் மறைப்பது வஞ்சகமே.

இது வெட்கத்துக்குரிய வியாதியுமல்ல. அடிக்கடி வரும் வலிப்பைத் தடையாக வைத்திருந்த இந்து விவாகச் சட்டம் 1999-ல் அதை நீக்கியது. வலிப்புள்ளவர்களுக்குக் குருப்பட்டத்தைத் தடுத்த 1917-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்துக்குப் பதிலாக 1983-ல் வந்த சட்டத்தில் அத்தடை இல்லை. சட்டங்கள் கைவிட்ட வெட்கத்தை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கர்நாடகத்தில் எளந்தூர் என்னும் நாட்டுப்புறத்தில், பெங்களூர் நரம்பியல் வைத்தியர் கே. எஸ். மணி அவர்கள் 1990-ல் ஒரு முயற்சி தொடங்கினார். ஏறத்தாழ 65,000 ஜனங்களிடையே வீடு வீடாய் விசாரித்து வலிப்புள்ளவர்களைக் கண்டுபிடித்தார்கள். பினோபார்பிட்டோன், பெனிட்டாயின் என்கிற விலை குறைந்த மாத்திரைகளைக் கொடுத்து வருஷக்கணக்காய்க் கவனித்தார்கள். பலருக்கு வலிப்பு நின்றது. கதவைத் தட்டினவர்களிடம் வீட்டார் உண்மையைச் சொல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா?

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி திணிக்க வேண்டாம். வாயில் தண்ணீரோ கரண்டியோ வைக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வலிப்பு நின்றுவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முக்கியமாய், கண்டதை நினைவில் வையுங்கள். கூடுமானால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் கேட்கும்போது கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். வாய் பேசமுடியாமல் விழுந்து கிடந்த பிள்ளைக்காகச் சாட்சி சொல்ல அப்போது உங்களைவிட்டால் வேறு யாருமில்லை.