பாரம் ஏறும்போது தோன்றும் குறை

ஒரு கம்ப்யூட்டர் காலை முதல் மாலை வரையில் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் சினிமா ஓட்டவும் சிறு தடங்கலுமின்றி உழைத்துவிட்டு, அடர்ந்த காடும் ஓடுகின்ற நீரும் இலைகளினூடே விழும் வெயிலும் நொடிக்கு நூறு சித்திரங்களாக எழுதப்பட வேண்டிய ஒரு விளையாட்டைத் திறந்த சில நிமிஷங்களுக்குள் திரை கறுத்து அணைந்துபோகுமானால், அந்தக் குறை அதுவரையில் எங்கே இருந்தது? அருமனையில் என் அண்டை வீட்டு இளைஞன் இதையே தன் மொழியில் கேட்டான்: "சும்மா ஓடும்போ ஒரு கொழப்பமும் இல்ல சாரே, கேம் போட்டா மட்டும் ஆஃப் ஆவுது, அப்போ கெட்டுப்போனது எது?" அவன் கேட்டது ரிப்பேர் விஷயந்தான், ஆயினும் நம் தர்சனங்கள் பல நூற்றாண்டுகள் தர்க்கித்த விஷயமும் அதுவேயாகும்.

காரியம் தோன்றுவதற்கு முன்னரே தன் காரணத்தினுள் சூட்சுமமாக இருக்கிறது என்று சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் சொன்னார்கள். அதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். நையாயிகரோ, தோன்றுவதற்கு முன் காரியம் இல்லவே இல்லை, இருந்தது அதன் இன்மையே, அதாவது பிராகபாவமே என்று மறுத்தார்கள். அணைந்துபோன யந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வழக்கு வெறும் ஏட்டு வாதமன்று. குறை உள்ளே ஒளிந்திருந்தது என்றால் அதைத் தேடிப் பிடுங்கி எறிய வேண்டும். இல்லாதிருந்து அப்போதுதான் பிறந்தது என்றால், பிறப்பித்த சேர்க்கையைக் கலைக்க வேண்டும்.

தேடுவதற்கு அடையாளம் வேண்டும். யந்திரம் சாகும் விதங்கள் பல. விளக்கை அணைத்தாற்போல் முழுவதும் ஒரே கணத்தில் நின்றுவிட்டால், எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே துண்டித்துக்கொண்டது என்று அனுமானிக்க இடமுண்டு. திரை மட்டும் கறுத்துச் சற்றுக் கழித்து மீண்டால், கிராபிக்ஸ் கார்டு இரண்டு விநாடிகளுக்கு மேல் மறுமொழி சொல்லாதது கண்டு விண்டோஸ் அதைத் திருப்பி எழுப்பியிருக்கிறது என்று பொருள். மெல்ல மெல்ல வேகம் குன்றி, மின்விசிறிகள் இரைந்து, பிறகு நின்றால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். இடியும் மின்னலும் நிறைந்த நம் கோடை மழையில், ரப்பர் தோட்டங்களின் நடுவே கிளைகள் உரசும் கம்பியில் வருகிற கரண்டையும் சந்தேகத்தினின்று விலக்கிவிடலாகாது.

சந்தேகம் நிச்சயமாவதற்கு அந்நுவயம், வியதிரேகம் என்று இரண்டு வழிகளை நம் தர்க்க நூலார் வகுத்தனர்: இது இருந்தால் அது இருக்கிறதா, இது இல்லையேல் அதுவும் இல்லையா. ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றிச் சோதிப்பவனே இவ்வழிகளில் நடப்பவன். கார்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் மூன்றையும் ஒருசேர மாற்றிவிட்டு, "இப்ப சரியாயிட்டு" என்று பில் எழுதும் ரிப்பேர்க்காரருக்கு யந்திரம் ஓடியது தெரியும், காரணம் தெரியாது. அந்த அறிவை வாடிக்கைக்காரனுக்கும் அவர் இல்லாமற் செய்துவிட்டார் என்பதே என் வருத்தம்.

இவ்விரு வழிகளிலும் ஒழுங்காக நடந்தவனுக்கும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. அதை உபாதி என்பார்கள். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்று சொல்ல முடியாது. விறகு ஈரமாயிருந்தால்தான் புகையுண்டாகும். அவ்வாறே பாரம் ஏறிய யந்திரமெல்லாம் அணைவதில்லை. நடுவே நாம் காணாத ஈரம் ஒன்று இருந்தாக வேண்டும். அதைக் காணாமல் பாரத்தின் மீதே பழி போடுவது எளிது. 2021 ஜூலையில் அமேசான் நிறுவனம் 'நியூ வேர்ல்ட்' என்ற விளையாட்டைச் சோதனைக்கு விட்டபோது, ஆட்டம் தொடங்கு முன்னுள்ள வெறும் பட்டியல் திரையிலேயே சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் மாண்டுபோயின. விளையாட்டே கார்டுகளைக் கொன்றது என்று உலகம் பேசிற்று. பின்னர் அக்கார்டுகளைச் செய்த ஈவிஜிஏ நிறுவனம் தன்னிடம் வந்த சுமார் இரண்டு டஜன் கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மின்சாரத்தை ஆளும் மாஸ்ஃபெட்டுகளைச் சுற்றிய பற்றவைப்புச் செவ்வையாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கார்டுகளைப் பொறுத்தவரையில் சற்காரியவாதி வென்றான்: சாவு தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்டிருந்தது.

இதனினும் என் மனத்தைக் கவர்ந்தது இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்களின் விவகாரம். விளையாட்டுகள் பாதியில் அறுந்து, வீடியோ மெமரி போதவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. நல்ல கார்டுகளை மக்கள் குற்றவாளிகளாக்கினார்கள். 2024-இல் உண்மை வெளிப்பட்டது. பிராசஸர் தனக்கு வேண்டியதற்கு மேற்பட்ட வோல்டேஜைக் கேட்டு வாங்கி, அந்த மிகுதியால் தன் உள்ளுறுப்பையே சிறுகச் சிறுகத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தது. ஆகஸ்டில் நிறுவனம் பிராசஸரின் உள்கட்டளையாகிய மைக்ரோகோடைத் திருத்தி வெளியிட்டது. ஆனால் அத்திருத்தம் வருங்காலத் தேய்வைத் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று சித்தாந்திகள் வினையை மூன்றாகப் பகுத்ததன் நியாயம் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது: சேர்ந்து கிடப்பது ஒன்று, பலனாக அனுபவத்துக்கு வருவது ஒன்று, இனி ஈட்டப்போவது ஒன்று. மைக்ரோகோடு தடுத்தது மூன்றாவதை மட்டுமே.

ஆனால் என் அண்டை வீட்டானின் யந்திரம் இவ்விரண்டிலும் அடங்கவில்லை. அவனிடமிருந்தது 320 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3080. மின்பெட்டியோ 650 வாட் தரவல்லது. கூட்டிப் பார்த்தால் மிச்சமே இருந்தது. கார்டோ மில்லி விநாடிக் கணக்கில் தன் அறிவித்த அளவை வெகுவாக மீறித் துள்ளும் ஸ்வபாவமுடையது. அந்தத் துள்ளலை விபத்தென்று கருதிப் பெட்டி தன்னை அணைத்துக்கொண்டது. கார்டின் பவர் லிமிட்டைக் குறைத்தபோது அணைவது நின்றது. வேறு பெட்டியை இரவல் வாங்கி மாட்டியபோதும் நின்றது. கார்டும் தன் விதிப்படி நடந்தது, பெட்டியும் தன் விதிப்படி நடந்தது. இத்தகைய துள்ளல்களை முன்னிட்டே 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதி, புதுவகைக் கார்டு இணைப்புடைய பெரிய பெட்டிகள் தம் அளவின் இரட்டிப்பை ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமேனும் தாங்க வேண்டும் என்றது. முந்தைய நாள் வரையில் குறையற்றிருந்த பழைய பெட்டி, தன்னுள் ஓர் அணுவும் மாறாமலே குறைந்ததாகிவிட்டது! சற்காரியவாதிக்கு இங்கே விடையில்லை. குறை எப்பொருளினுள்ளும் இல்லை. இரண்டின் சம்யோகத்தில் பிறந்தது. அருமனைக்குச் சமீபத்தில் சிதறால் மலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வழிபட்ட சமணர்கள், எப்பொருளையும் ஒரே நயத்தால், அதாவது ஒரே நோக்கால், தீர்மானித்து முடிப்பது பிழை என்று போதித்தவர்கள். பெட்டி நல்லது என்பதும் போதாது என்பதும் அவரவர் நின்ற நயத்தில் மெய்யே என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை.

மனிதர் விஷயத்திலும் இந்தப் பிழை நேர்கிறது. துயரத்தில் நொறுங்கிப்போன மனிதனைக் கண்டால், அவனுள் முன்பே இருந்த பலவீனம் இப்போது வெளிப்பட்டது என்றோ, அவன் பழவினை பலித்தது என்றோ நம் ஊரில் சொல்லாத மதத்தினர் இல்லை. பைபிளில் துன்புற்ற யோபுவின் சிநேகிதரும் அதைத்தானே சொன்னார்கள்? பாரம் வராத காரணத்தாலேயே திடசித்தர் என்று பேர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பற்றவைப்பை எவரும் எக்ஸ்ரே எடுத்ததில்லை. இங்குள்ள கிறிஸ்தவக் கோவில்களில் ஞாயிறுதோறும் சொல்லப்படும் கர்த்தருடைய ஜெபத்தில், சோதனையில் வெல்லும் பலம் தா என்ற வேண்டுதல் இல்லை. சோதனைக்குள் கொண்டுபோகாதே என்ற வேண்டுதலே இருக்கிறது. தன்னுள் என்ன சேர்ந்து கிடக்கிறதென்று தனக்கே தெரியாது என்று ஒப்புக்கொண்டவன் கேட்கக்கூடிய வரம் அதுவே. ஒருவன் ஓரிடத்தில் முறிந்தது கண்டு அவனையே முறிந்தவன் என்று தீர்ப்பிடுவது, முதலில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாமல் விடுவதாகும்: குறை அவனுக்குள்ளா, அவனுக்கும் அவன் மேல் ஏற்றப்பட்டதற்கும் இடையிலா?

யந்திரத்தில் இக்கேள்விக்கு விடை காண ஒரு வழியுண்டு. சந்தேகத்துக்குரிய உறுப்பைக் கழற்றி, அதன் விதிக்குட்பட்ட பாரமுள்ள வேறொரு யந்திரத்தில் மாட்டிப் பார்ப்பதே அது. அங்கேயும் அது வீழ்ந்தால் குறை அதனுடையது. அங்கே நிலைத்து நின்றால் குறை பழைய சேர்க்கையினுடையது. இளைஞன் அதையும் செய்தான். 650 வாட் பெட்டி இப்போது குழித்துறையில் அவனுடைய சித்தப்பாவின் அச்சுக்கூடத்தில், இத்தனை துள்ளாத ஒரு கார்டுக்கு நாள் முழுதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே அது ஒரு முறையும் அணைந்ததில்லை.