அவசரம் வேறு, ஆயத்தம் வேறு



திருத்தூதர் அந்திரேயாவின் திருநாளான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கு முன்னால் வராது, டிசம்பர் 3-ஐத் தாண்டிப் போகாது. ஆக, இந்தக் காலம் குறைந்தது 22 நாள், மிஞ்சினால் 28 நாள். குறுகிய காலம்தான் இது. இதைத் திருச்சபை காத்திருப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. நம் கைக்கு வரும்போது என்ன ஆகிறது? முதல் வாரத்திலேயே பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா, அலுவலகத்தில் கேக் வெட்டு, தெருவில் கேரல் பவனி, துணிக்கடையில் கூட்டம். டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்து உட்காரும்போது உடம்பு ஓய்ந்து போயிருக்கிறது, மனமோ எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறது. இந்த நாள்களில் நிதானமாக இருங்கள் என்று திருச்சபை கேட்கும்போது, அதை உடல்நலத்துக்கான அறிவுரையாகவே நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அதைவிடக் கனமான காரணம் உண்டு. வருகிறவரை அடையாளம் காணும் கண், காத்திருந்தவருக்கே வாய்க்கிறது. இன்றைய உரை முழுவதும் இந்த ஒன்றைத்தான் எடுத்துவைக்கப் போகிறேன்.

இந்த அவசரத்துக்கு இன்றைய வணிக உலகம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மின்விளக்கும் விளம்பரமும் இல்லாத ஐந்தாம் நூற்றாண்டிலேயே, இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள தூர் நகரின் ஆயர் பெர்பெத்துவஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்து பிறப்பு விழா வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு இருக்கும்படி மக்களைப் பணித்தார். மிலான் நகரத் திருச்சபையின் அம்புரோசிய வழிபாட்டு முறையில் இன்றும் ஆறு வாரத் திருவருகைக் காலம் உண்டு. பைசாந்திய வழிவந்த கீழைத் திருச்சபைகள் நவம்பர் 15 முதல் நாற்பது நாள் நோன்பு காக்கின்றன. உரோமை வழிபாட்டு முறை நான்கு ஞாயிறுகளோடு நிறுத்திக்கொண்டது. நாள் கணக்கு இடத்துக்கு இடம் மாறினாலும் எங்கும் ஒரே அனுபவம் தெரிகிறது: காத்திருப்பு மனிதருக்குத் தானாக வருவதில்லை, அதைப் பழக வேண்டியிருக்கிறது. ஆலயங்களில் இன்று நாம் ஏற்றும் திருவருகைக்கால மெழுகுதிரி வளையத்தின் கதையும் இதையே சொல்கிறது. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களின் இல்லத்தை நடத்திவந்த லூத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன், ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தித் தொங்கவிட்டார். கிறிஸ்துமஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக, வார நாள்களுக்குச் சிறு திரி, ஞாயிறுக்குப் பெரிய திரி. ஒரு நாளுக்கு ஒரு திரிதான். அவசரப்பட்ட பிள்ளைகளுக்கு விழாவை முன்கூட்டியே கொடுத்துவிடாமல், இன்றைய நாளை மட்டும் கையில் கொடுத்தார் அவர்.

இங்கே ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்விதான். கிறிஸ்து ஏற்கெனவே பிறந்துவிட்டார். பிறந்தவரை இன்னும் பிறக்காதவர்போல எதிர்பார்ப்பது நடிப்பு ஆகாதா? பிறந்த நாளை நினைவுகூர்வது மட்டுமே இந்தக் காலத்தின் வேலையாக இருந்தால் அது நடிப்புதான். ஆனால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தியைக் கவனித்துக் கேளுங்கள். அதில் மாட்டுத்தொழுவம் இல்லை, இடையர் இல்லை. மத்தேயுவானாலும் மாற்குவானாலும் லூக்காவானாலும், மூன்று ஆண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டிலும், மானிட மகனின் இறுதி வருகையைப் பற்றியே அன்று வாசிக்கிறோம். டிசம்பர் 16 வரை வழிபாட்டின் பார்வை பெரிதும் அந்தப் பக்கமே இருக்கிறது. 17-ஆம் தேதி முதல்தான் பெத்லகேமுக்குத் திரும்புகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துப் புனித பெர்னார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார்: உடலெடுத்து வந்தது, மாட்சியோடு வரப்போவது, இவை இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் உள்ளத்தில் நிகழ்வது. முதலாவது முடிந்தது, மற்ற இரண்டும் முடியவில்லை. நீதியும் அமைதியும் நிறைந்த உலகை இறைவாக்கினர் எசாயா கண்டார். அது நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரியும். வராத ஒன்றுக்காகத்தான் காத்திருக்கிறோம். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

காத்திருப்பு கண்ணைத் திறக்கிறது என்பதற்கு நற்செய்தியே சான்று. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் எருசலேம் கோவிலுக்கு ஒரு குழந்தை தூக்கி வரப்படுகிறது. பெற்றோர் கொண்டுவந்த காணிக்கை ஒரு சோடி பறவைகள். ஆடு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு லேவியர் நூல் அனுமதித்த காணிக்கை அது. குருக்களும் பலி செலுத்த வந்தவர்களும் நிறைந்த அந்தக் கோவிலில் இந்த ஏழைக் குடும்பத்தைத் திரும்பிப் பார்க்க எந்த வெளிக்காரணமும் இல்லை. அடையாளம் கண்டவர்களாக லூக்கா இருவரையே காட்டுகிறார்: இஸ்ரயேலின் ஆறுதலை எதிர்நோக்கியிருந்த சிமியோன், பல ஆண்டுகளாகக் கோவிலைவிட்டு நீங்காமல் நோன்பிலும் மன்றாட்டிலும் நிலைத்திருந்த கைம்பெண் அன்னா. இதற்கு எதிர்ப்பக்கத்தை மத்தேயு காட்டுகிறார். மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டபோது, தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் தயங்காமல் பதில் சொன்னார்கள்: யூதேயாவிலுள்ள பெத்லகேம். மறைநூல் ஆதாரத்தையும் எடுத்துக்காட்டினார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேமுக்கு ஒரு பகல் நடைகூட இல்லை. ஆனாலும் அவர்களில் ஒருவராவது புறப்பட்டுப் போனதாக மத்தேயு எழுதவில்லை. தெரிந்து வைத்திருந்தார்கள், காத்திருக்கவில்லை. சிமியோனுக்கும் அவர்களுக்கும் மறைநூல் ஒன்றுதான். வேறுபாடு எதிர்நோக்கில் இருந்தது. பழகிப்போன மறையறிவு நம்மையும் அந்த அறிஞர்களின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்ற அச்சம் நமக்கு வேண்டும், முக்கியமாக மேடையில் நின்று பேசுகிறவர்களுக்கு.

அடுத்த மறுப்பு இதைவிடக் கடினமானது. காத்திருங்கள், பொறுமையாக இருங்கள் என்று வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்குச் சொல்லிச் சொல்லித்தானே அநீதி நிலைத்தது? 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம், பொறுமை காக்கச் சொன்ன சமயத் தலைவர்களுக்கான பதில்தான். அவரும் ஒரு போதகர். ஒடுக்கப்பட்டவரிடம் பிறர் திணிக்கும் காத்திருப்பு, நீதியை மறுப்பதன் மறுபெயராகிவிடுகிறது என்று அவர் வாதிட்டார். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வாதம் திருவருகைக் காலத்துக்கு எதிரானதா? யாக்கோபின் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை பொறுமையோடு காத்திருக்கும் உழவரைப் பற்றிய பகுதி ஏழாம் வசனத்தில் தொடங்குகிறது. முதலாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறன்று அதை வாசிக்கிறோம். அதற்கு முந்தைய ஆறு வசனங்கள் அந்த வாசகத்தில் இடம்பெறுவதில்லை. அங்கே யாக்கோபு செல்வர்களைக் கடுமையாகச் சாடுகிறார். அறுவடை செய்த கூலியாள்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்கிறார். அதைச் சொன்ன பிறகுதான் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். கூலியைப் பிடித்து வைத்திருப்பவனுக்குப் பொறுமையைப் போதிக்கும் உரிமை இல்லை என்பதை அந்த வரிசையே காட்டிவிடுகிறது. கடவுளின் வருகைக்காக நான் காத்திருக்கலாம்; எனக்காகப் பிறரைக் காக்க வைக்கக் கூடாது.

காத்திருப்பு சுகவாசிகளின் பக்தி என்பதும் உண்மையில்லை. இயேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப், ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த குழுவில் இருந்ததற்காகக் கைதாகி, 1944 டிசம்பரில் பெர்லினின் டேகல் சிறையில் கைவிலங்கோடு திருவருகைக்காலச் சிந்தனைகளை எழுதினார். அவை இரகசியமாக வெளியே கொண்டுவரப்பட்டன. 1945 பிப்ரவரி 2 அன்று, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழாவன்று, அவர் தூக்கிலிடப்பட்டார். அது சிமியோனின் நற்செய்தி வாசிக்கப்படும் நாள். விடுதலை தன் கையில் இல்லை என்று அறிந்த மனிதர், அதற்காகத் தலைகுனியாமலும், தான் செய்ததை மறுக்காமலும் காத்திருந்தார்.

விரைவைத் திருவிவிலியமே போற்றுகிறதே என்று இன்னொருவர் கேட்கலாம். மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்றார், இடையர்களும் விரைந்து சென்றார்கள் என்றுதானே லூக்கா எழுதுகிறார்? ஆம், அப்படித்தான் எழுதுகிறார். ஆனால் மரியா வானதூதரின் சொல்லை முழுவதும் கேட்டார், இது எப்படி நிகழும் என்று வினவினார், இசைந்தார், அதன்பிறகே புறப்பட்டார். போய்ச் சேர்ந்த இடத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். வயதான காலத்தில் கருவுற்றிருந்த எலிசபெத்துக்கு வேண்டியதும் அந்த மூன்று மாதம்தான். நாமோ மரியாவின் வேகத்தை எடுத்துக்கொண்டு அவருடைய தங்கலை விட்டுவிடுகிறோம். ஐந்து நிமிடத்தில் பத்து வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு ஓடுகிறோம். இன்னொரு பக்கம், காத்திருப்பு என்ற பெயரில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தவர்களைத் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் கண்டிக்கிறது. எனவே நிதானம் சோம்பலுக்குச் சாக்கு ஆகாது.

ஆண்டவர் காலம் தாழ்த்துவதாகச் சிலர் நினைப்பது தவறு, யாரும் அழிந்துபோகக் கூடாது என்பதற்காகவே அவர் பொறுமையோடு இருக்கிறார் என்பது பேதுருவின் இரண்டாம் திருமுகம் தரும் விளக்கம். தாமதமாக நமக்குத் தெரிவது அவருடைய இரக்கம். அந்தப் பொறுமையில் நாமும் பங்குகொள்வதற்கே இந்த நாள்கள் தரப்பட்டிருக்கின்றன. இதைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதை மத்தேயு 24-ஆம் அதிகாரத்துப் பணியாளன் காட்டுகிறான். தலைவர் வர நேரமாகும் என்று எண்ணிய உடனே அவன் செய்த முதல் காரியம், உடன் பணியாளர்களை அடித்தது. காத்திருப்பு தளர்ந்த இடத்தில் முதலில் அடிபடுவது கீழே இருப்பவர்கள்தான். இந்த டிசம்பரிலும் அப்படித்தான். கடைசி வாரத்தில் கொடுத்த துணிக்காக விடிய விடியத் தைக்கும் தையற்காரர், இரவு பத்து மணிக்கும் பொட்டலத்தோடு படியேறும் இளைஞர், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் கூலியாள்: நம் அவசரத்தின் சுமை இவர்கள் தோளில்தான் இறங்குகிறது.

பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்காதீர்கள் என்று பெற்றோர் சொல்வார்கள். திருச்சபையும் மகிழ்ச்சியைத் தடுக்கவில்லை. தவக்காலத்தில் நிறுத்தப்படும் அல்லேலூயா திருவருகைக் காலத்தில் நிறுத்தப்படுவதில்லை. ஞாயிறுகளில் வானவர் கீதம் மட்டும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக நிறுத்தி வைக்கப்படுகிறது. பீடத்தில் பூக்களும் ஆலயத்தில் இசைக்கருவிகளும் அளவோடு இருக்கட்டும், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முந்திக்கொள்ள வேண்டாம் என்பது வழிபாட்டு விதி. அந்த மகிழ்ச்சிக்கென்று தனிக் காலமே உண்டு. டிசம்பர் 25-இல் தொடங்கி, எட்டு நாள் விழாவாக சனவரி 1 வரை நீண்டு, திருக்காட்சியைக் கடந்து ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை அது தொடர்கிறது. நம் வீடுகளில் 26-ஆம் தேதியே நட்சத்திர விளக்கு அணைந்துவிடுகிறது, ஏனென்றால் ஒரு மாதம் முன்பே கொண்டாடித் தீர்த்துவிட்டோம். ஆகவே பங்குப் பேரவையினருக்கும் இளைஞர்களுக்கும் இதை வேண்டுகோளாக வைக்கிறேன். கேரல் பவனியில் ஒரு பகுதியையாவது டிசம்பர் 26-க்குப் பிந்தைய நாள்களுக்கு மாற்றுங்கள். முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் விழாவுக்கு முன்பு எல்லோரும் வருகிறார்கள்; விழா முடிந்தபின் வருகிறவர் குறைவு. போகிற இடத்தில் பாடியதும் கிளம்பிவிடாமல் உட்கார்ந்து பேசுங்கள். குடும்பத் தலைவர்களே, தலைவிகளே, தைக்கக் கொடுப்பதை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் வேலை செய்பவருக்கும், கடையில் உங்களிடம் வேலை பார்ப்பவருக்கும் தர வேண்டிய பாக்கியையும், விழாவுக்குத் தருகிற பணத்தையும் டிசம்பர் 17-க்கு முன்னதாகவே கையில் கொடுங்கள். அவர்கள் வீட்டிலும் அந்தக் கடைசி எட்டு நாள் நிம்மதியாகக் கழியட்டும்.